ஆர்பாட் வெய்ஸ்

ஆர்பாட் வெய்ஸ் (ஏப்ரல் 16, 1896 – ஜனவரி 31, 1944) அங்கேரியைச் சேர்ந்த காற்பந்தாட்ட வீரரும் பயிற்சியாளரும் ஆவார். இத்தாலியில் இரு வேறு அணிகளைக் கொண்டு மூன்று முறை தேசியப் பட்டம் வென்றவர். யூதர் என்ற காரணத்தால் அந்நாட்டை விட்டு வெளியேற்றப்பட்டு, இறுதியில் நாசி செருமனியின் ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் இறந்தார்.

ஆட்டக்காரராக

அங்கேரியின் சோல்ட் என்னும் ஊரில் யூதக் குடும்பமொன்றில் பிறந்தார். இடப்புற முன்கள வீரராக ஆடிய இவர் 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் அங்கேரி அணியில் இடம்பெற்றார். பின்னர் இத்தாலியின் அலெசாந்திரியா, இன்டர் மிலான் ஆகிய கழகங்களுக்காக ஆடினார். காயம் காரணமாக ஆட்டத்தைக் கைவிட்டுப் பயிற்சியாளரானார்.

மிலானில்

1926 இல் இன்டர் மிலானின் பயிற்சியாளராகப் பொறுப்பேற்றார். பிற்காலத்தில் பெரும்புகழ் பெற்ற ஜுசெப்பே மேயாட்சாவின் திறனை இளவயதிலேயே கண்டறிந்து, 1927 இல் 17 வயதில் அவரை முதன்மை அணியில் ஆடவைத்தார். பாசிச அரசின் காலத்தில் கழகத்தின் பெயர் அம்புரோசியானா என மாற்றப்பட்டிருந்தது. எல்லா அணிகளும் ஒரே பிரிவில் மோதும் முறையில் முதன்முதலாக நடைபெற்ற 1929–30 சேரீ ஆ போட்டித்தொடரில் அக்கழகம் பட்டம் வென்றது. மேயாட்சா 31 கோல்கள் அடித்து முதலிடம் பெற்றார். அப்போது வெய்சுக்கு வயது 34. அதே ஆண்டில் ஆல்தோ மொலினாரியுடன் இணைந்து காற்பந்துப் பயிற்சி நூல் ஒன்றை எழுதினார். இத்தாலிய தேசிய அணியின் பயிற்சியாளர் வித்தோரியோ போட்சோ அதற்கு முன்னுரை வழங்கினார்.

பொலோனியாவில்

1935 இல் பொலோனியா கழகத்தில் சேர்ந்தார். 1930–31 முதல் தொடர்ந்து ஐந்து பருவங்கள் பட்டம் வென்றிருந்த யுவென்டசின் ஆதிக்கத்தை முறியடித்து, 1935–36, 1936–37 ஆகிய இரு பருவங்களிலும் பொலோனியாவை வெற்றியாளராக்கினார். 1937 இல் பாரிஸ் உலகக் கண்காட்சியையொட்டி நடந்த போட்டியின் இறுதியாட்டத்தில் இவரது அணி இங்கிலாந்தின் செல்சி அணியை 4–1 என வென்றது.

நாடு நீங்கலும் மறைவும்

1938 செப்டம்பரில் முசோலினி அரசு இனச் சட்டங்களைக் கொண்டுவந்தது. 1919 க்குப் பின் குடியேறிய வெளிநாட்டு யூதர்கள் ஆறு மாதங்களுக்குள் வெளியேற வேண்டுமென ஆணையிடப்பட்டது. பதவியை இழந்த வெய்ஸ் 1939 ஜனவரியில் மனைவி, இரு பிள்ளைகளுடன் பாரிஸ் சென்றார். அவர் தொடங்கிவைத்த அந்தப் பருவத்தின் பட்டத்தையும் பொலோனியாவே வென்றது.

பின்னர் நெதர்லாந்தின் டோர்ட்ரெக்ட் நகரில் ஒரு சிறு கழகத்துக்குப் பயிற்சியளித்தார். 1940 மே மாதத்தில் செருமனி அந்நாட்டைக் கைப்பற்றியது. 1941 இல் இவர் பயிற்சியளிப்பதற்கும் தடை வந்தது. 1942 ஆகஸ்டில் குடும்பத்தோடு கைதாகி வெஸ்டர்போர்க் முகாமில் அடைக்கப்பட்டார். அக்டோபர் 1942 இல் கிழக்கே அனுப்பப்பட்டபோது, உடலுழைப்புக்குத் தகுந்தவரெனக் கருதப்பட்ட இவர் வழியில் பிரிக்கப்பட்டார். மனைவியும் 12 வயது மகனும் 8 வயது மகளும் ஆஷ்விட்ஸ் சென்றடைந்ததும் கொல்லப்பட்டனர். வெய்ஸ் கட்டாய வேலை முகாம்களில் உழன்று, ஜனவரி 31, 1944 அன்று ஆஷ்விட்சில் உயிரிழந்தார்.

நினைவு

போருக்குப் பின் இத்தாலியிலும் இவர் பெயர் பெரிதும் மறக்கப்பட்டிருந்தது. இதழாளர் மத்தேயோ மரானி 2007 இல் வெளியிட்ட வாழ்க்கை வரலாற்று நூல் இவரை மீண்டும் அறிமுகப்படுத்தியது. அதன்பின் பொலோனியா விளையாட்டரங்கிலும், அவர் வளர்த்தெடுத்த மேயாட்சாவின் பெயரைத் தாங்கிய மிலான் விளையாட்டரங்கிலும் இவருக்கு நினைவுப் பலகைகள் வைக்கப்பட்டன.