ஆர். கே. சண்முகம் செட்டியார்

தில்லியின் மந்திர் மார்க், ஆங்கிலேயர் ஆட்சியில் ரீடிங் சாலை என வழங்கியது. அங்கிருந்து சற்றுத் தொலைவிலுள்ள வட்டவடிவப் பழைய நாடாளுமன்றக் கட்டடத்தில்தான் அந்நாளில் மத்திய சட்டமன்றம் கூடியது. 1933இல் அம்மன்றத்தின் தலைவராக வீற்றிருந்தவர் ஒரு தமிழர். அவரே ஆர். கே. சண்முகம் செட்டியார்.

இவர் 1892ஆம் ஆண்டு அக்டோபர் 17ஆம் நாள் கோயம்புத்தூரில் பிறந்தார். சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் சட்டக் கல்லூரியிலும் பயின்றார். 1920இல் சென்னை மாகாணச் சட்டமன்றத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பின்னர் மத்திய சட்டமன்ற உறுப்பினரானார்.

1932இல் பிரித்தானியப் பேரரசைச் சார்ந்த நாடுகள், கனடாவின் ஒட்டாவா நகரில் பொருளாதார மாநாடு நடத்தின. இந்தியக் குழுவில் இவரும் இடம்பெற்றார். அங்கு உருவான உடன்படிக்கையின்படி, தேயிலை முதலிய இந்தியப் பொருள்களுக்குப் பிரிட்டன் வரிச்சலுகை வழங்கும். அதற்கு ஈடாக, பிரிட்டனின் மோட்டார் வண்டிகளுக்கு 7.5 விழுக்காடும் வேறு பல பொருள்களுக்கு 10 விழுக்காடும் இந்தியா வரியைக் குறைத்து விதிக்கும். உலக வாணிகம் சரிந்திருந்த அக்காலத்தில், நம் விளைபொருள்களுக்கு நிலையான சந்தை வேண்டும் எனச் செட்டியார் கருதினார். நாட்டின் நலத்திற்கேற்ப வரியை மாற்றும் உரிமையும், பிற நாடுகளுடன் பேரம் பேசும் வலிமையும் குறைந்துவிடும் என எதிர்ப்பாளர்கள் அஞ்சினர்.

நீண்ட விவாதத்திற்குப்பின் மன்றம் உடன்படிக்கையை ஏற்றது. ஆயினும் எதிர்ப்பு ஓயவில்லை; தேர்தல் களத்திலும் அது ஒலித்தது. 1934 தேர்தலில் செட்டியார் தோல்வியுற்றார். 1936இல் புதிய மன்றம், உடன்படிக்கையை முடித்துக்கொள்ளுமாறு தீர்மானம் நிறைவேற்றியது. அரசும் அதற்கான முன்னறிவிப்பை அளித்தது.

தோல்வியால் இவர் துவண்டுவிடவில்லை. 1935 முதல் 1941 வரை கொச்சி அரசின் திவானாகப் பணியாற்றினார். 1944இல், பன்னாட்டு நிதியமும் உலக வங்கியும் உருவாக வழிவகுத்த பிரெட்டன் வுட்ஸ் மாநாட்டில் இந்தியக் குழுவில் பங்கேற்றார். விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நிதியமைச்சராகி, 1947 நவம்பர் 26 அன்று முதல் வரவுசெலவுத் திட்டத்தை அளித்தார். பேரரசின் ஓர் உறுப்பாக ஒட்டாவாவில் வரியைப் பற்றிப் பேசிய நாட்டின் சார்பில், இப்போது அந்நாட்டின் வரியை அதன் மக்கள் அவையிலேயே அவர் முன்வைத்தார். தமிழிசை வளர்ச்சிக்கும் துணைநின்ற இவர், 1953 மே 5 அன்று மறைந்தார்.

நாடுகள் கூடி வாணிகம் செய்வதால் சந்தை விரியும். தனித்து முடிவெடுக்கும் உரிமை சுருங்கும். கொடுப்பது எது, பெறுவது எது என எடைபோட்டு ஏற்கவும், தேவைப்படின் விலகவும் மக்களவைக்கு உரிமை வேண்டும் என்பதை இவர் வாழ்க்கை உணர்த்துகிறது.

சிந்தித்து எழுதுக:
ஒட்டாவா உடன்படிக்கையால் இந்தியா பெற்றது யாது? விட்டுக்கொடுத்தது யாது?