தொழுநோய்த் தீவில் 16 ஆண்டுகள்
டாமியன் பாதிரியார் வாழ்க்கை வரலாறு

கரைக்குச் சற்றுத் தள்ளி ஒரு கப்பல் நிற்கிறது. அதன் பக்கத்தில் ஒரு சிறு படகு. படகில் இருப்பவர் ஒரு பாதிரியார். கப்பலின் மேல்தட்டில் நிற்பவர் அவருடைய சபை மேலதிகாரி. பாதிரியார் கப்பலில் ஏறக்கூடாது; மேலதிகாரி கரையில் இறங்கக்கூடாது. அரசாங்க உத்தரவு அப்படி!

பாதிரியார் படகிலேயே நின்றார். தம் பாவங்களை உரக்கச் சொன்னார். காதோடு காதாகச் சொல்ல வேண்டிய பாவசங்கீர்த்தனத்தை, கப்பலில் இருந்தவர்கள் பார்த்துக்கொண்டிருக்கக் கூவிச் சொன்னார். பிரெஞ்சு மொழியில் சொன்னார் என்பது ஒன்றுதான் மறைவு.

அவர்தான் டாமியன். இடம், ஹவாய்த் தீவுகளில் ஒன்றான மொலோக்காய்.

அண்ணனுக்குப் பதில் தம்பி

பெல்ஜியம் நாட்டில் ட்ரெமெலோ என்ற கிராமத்தில் 1840-ம் ஆண்டு ஜனவரி 3-ந் தேதி அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் ஜோசப். மகன் தம்முடைய தானிய வியாபாரத்தைக் கவனிப்பான் என்று தகப்பனார் எண்ணியிருந்தார். மகனோ 1859-ல், அண்ணன் இருந்த சந்நியாச சபையிலேயே சேர்ந்துவிட்டார்.

மறு ஆண்டு பாரிஸ் நகரில் வார்த்தைப்பாடு கொடுத்தார். அப்போது, சபை வழக்கப்படி அவரைச் சவத்துணியால் மூடினார்கள். உலகத்துக்கு அவர் செத்துவிட்டார் என்பது அதன் பொருள். அந்தத் துணியை அவர் கடைசிவரை மறக்கவில்லை.

ஹவாய்க்குப் போக வேண்டியவர் அண்ணன். அவர் காய்ச்சலில் படுத்துவிட்டார். தம்பி தாம் போவதாக எழுதி, அனுமதி பெற்றார். 1864 மார்ச் 19-ந் தேதி ஹொனலுலுவில் இறங்கினார். மே மாதம் குருப்பட்டம் பெற்றார்.

மறு உத்தரவு வரும்வரை

தொழுநோய்க்கு அன்று மருந்து இல்லை. நோயாளிகளைப் பிரித்து வைக்க ஹவாய் அரசாங்கம் சட்டம் செய்தது. 1866 முதல் அவர்களை மொலோக்காய்த் தீவின் ஒரு மூலைக்கு அனுப்பியது. மூன்று பக்கம் கடல். ஒரு பக்கம் செங்குத்தான மலை. போனவர் திரும்புவதில்லை.

அங்கே முறை வைத்துப் போக நான்கு குருமார் முன்வந்தார்கள். முதலில் போனவர் டாமியன். 1873 மே 10-ந் தேதி போய்ச் சேர்ந்தார். தங்க வீடில்லை. ஒரு தாழை மரத்தடியில் படுத்தார். சில நாட்களில், தாமே அங்கு இருந்துவிடுவதாக எழுதினார். மறு உத்தரவு வரும்வரை இருக்கலாம் என்று பதில் வந்தது. அவரைத் திரும்ப அழைக்கும் உத்தரவு கடைசிவரை வரவில்லை!

அவர் புண்களைக் கழுவிக் கட்டினார். குழாய் பதித்துத் தண்ணீர் கொண்டுவந்தார். வீடு கட்டினார், கோவிலைப் பெரிதாக்கினார். சவப்பெட்டி செய்தார், குழியும் வெட்டினார். நோயாளிகளோடு ஒரே கலத்தில் கைவிட்டுச் சாப்பிட்டார். பிரசங்கத்தில் தம்மையும் தொழுநோயாளிகளோடு சேர்த்தே பேசுவார். அந்தப் பேச்சு ஒருநாள் மெய்யாயிற்று.

1884 டிசம்பரில் வெந்நீரில் கால் வைத்தார். கால் கொப்பளித்தது, வலி தெரியவில்லை. மறு ஆண்டு டாக்டர் பார்த்து, தொழுநோய்தான் என்று சொல்லிவிட்டார்.

நோயிலும் பெரிய வேதனை

நோய் அவரை அசைக்கவில்லை. அசைத்தது வேறு. அவர் கதை வெளிநாட்டுப் பத்திரிகைகளில் வந்தது. இங்கிலாந்திலிருந்து பணம் குவிந்தது. ஹொனலுலுவில் இருந்த மேலதிகாரிகள், அவர் புகழுக்கு ஆசைப்படுகிறார் என்று கசந்துகொண்டார்கள். பாவசங்கீர்த்தனம் செய்ய ஹொனலுலு வரட்டுமா என்று கேட்டபோது, வர வேண்டாம் என்று எழுதினார்கள்.

டாமியன் மனம் உடைந்தார். குணத்தில் அவர் பசு அல்ல, கோபக்காரர், பிடிவாதக்காரர். காகிதத்தில் தம் வருத்தத்தைக் கொட்டினார். ஆனால் கட்டளையை மீறவில்லை. கேட்கக் குருவானவர் இல்லாத நாட்களில், கோவிலில் நற்கருணைக்கு முன்னால் தனியே முழந்தாளிட்டுத் தம் பாவங்களைச் சொன்னார். 1886 ஜூலையில்தான் ஹொனலுலு போக வழி கிடைத்தது. சில நாட்கள் சிகிச்சை பெற்றார், திரும்பிவிட்டார்.

உயிரைக் கொடுப்பதற்கு அவர் தயங்கவே இல்லை. தம்மைப் புரிந்துகொள்ளாதவர்களுக்குக் கீழ்ப்படிவதுதான் அவருக்கு உயிரைக் கொடுப்பதிலும் கடினமாக இருந்தது. சவத்துணி மூடியது உடலை மட்டும் அல்ல, தன்மானத்தையும்தான்.

தாழை மரத்தடி

கடைசி ஆண்டுகளில் துணை வந்தது. 1886-ல் ஜோசப் டட்டன் வந்தார். 1888 நவம்பரில் கன்னியாஸ்திரீ மரியான் கோப் வந்தார். தம் பிள்ளைகளை இனி இவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று டாமியன் நிம்மதி அடைந்தார். 1889 ஏப்ரல் 15-ந் தேதி, பரிசுத்த வாரத்துத் திங்கட்கிழமை, 49-வது வயதில் இறந்தார். முதல் நாள் இரவு படுத்த அதே தாழை மரத்தடியில் அடக்கம் செய்தார்கள்.

செத்த பிறகும் பழி விடவில்லை. ஹொனலுலுவில் இருந்த ஹைட் என்ற பாதிரியார் அவரை இழிவாக எழுதினார். வேறு சபையைச் சேர்ந்தவரான நாவலாசிரியர் ராபர்ட் லூயி ஸ்டீவன்சன், 1890-ல் அதற்குச் சாட்டையடியாகப் பதில் எழுதினார்.

1936-ல் அவர் உடலைப் பெல்ஜியத்துக்குக் கொண்டுபோனார்கள். 1995-ல் அவருடைய வலது கையை மட்டும் மொலோக்காய் மக்களுக்குத் திருப்பிக் கொடுத்தார்கள். 2009 அக்டோபர் 11-ந் தேதி போப் 16-ம் பெனடிக்ட் அவருக்குப் புனிதர் பட்டம் அளித்தார். தொழுநோய் இன்று மருந்தால் குணமாகும் நோய். மொலோக்காயில் ஆட்களைப் பிரித்து வைத்த சட்டம் 1969-ல் ஒழிந்தது.

புண்ணைக் கட்டிய அந்தக் கை, முதலில் குழி வெட்டிய மண்ணிலேயே இப்போது அடங்கியிருக்கிறது.