கிருஷ்ண பிள்ளையின் யாத்திரை

1858-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்கள் 18-ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை. சென்னை மயிலாப்பூரில் புனித தோமாவின் பெயர் தாங்கிய ஆலயத்தில் திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த வைணவ வேளாளர் ஒருவர் திருமுழுக்குப் பெற்றார். அவருக்கு முப்பத்தோராம் அகவை நிறைய இன்னும் ஐந்து நாள்களே இருந்தன. ஹென்றி ஆல்பிரட் என்னும் புதுப்பெயர் அவருக்குச் சூட்டப்பட்டது. ஆயினும் பெற்றோர் இட்ட பெயரை அவர் களையவில்லை. எஞ்சிய ஏறத்தாழ நாற்பத்திரண்டு ஆண்டுகளும் ஹென்றி ஆல்பிரட் கிருஷ்ண பிள்ளை என்றே வாழ்ந்தார். கண்ணனின் திருநாமத்தைத் தாங்கியவாறே கிறிஸ்துவின் புகழைப் பாடினார்.

ஒருவர் சமயம் மாறும்போது எதை விட்டுச் செல்கிறார்? எதை உடன் கொண்டு போகிறார்? பல சமயத்தாரும் ஒரே தெருவில், ஒரே அலுவலகத்தில், ஏன், நம் இலக்கிய வட்டம் போன்ற அவைகளில் ஒரே பாயில் அமர்ந்திருக்கும் இக்காலத்திலும் இவ்வினா அகலவில்லை. அதற்கு ஒரு புலவர் தம் வாழ்நாள் முழுவதையும் விடையாக அளித்த வரலாறு இது.

கரையிருப்பு

கிருஷ்ண பிள்ளை 1827-ஆம் ஆண்டு ஏப்ரல் 23-ஆம் நாள் திருநெல்வேலியை அடுத்த கரையிருப்பு என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் சங்கர நாராயண பிள்ளை. தாயார் தெய்வநாயகி அம்மையார். தந்தையார் கம்பராமாயணத்தில் ஆழ்ந்த பயிற்சி உடையவர். ஆகவே எழுத்தறியும் பருவத்திலேயே கம்பனின் விருத்தங்கள் மைந்தரின் செவியில் விழுந்தன. இலக்கணமும் நிகண்டும் பிற்பாடு வந்தன. ஓசை முதலில் வந்தது.

தாமிரபரணிக் கரை வைணவத்தின் விளைநிலம். நம்மாழ்வார் தோன்றிய ஆழ்வார்திருநகரி அக்கரையில் உள்ளது. இறைவனே கதி என்று தன்னை முற்றும் ஒப்படைக்கும் சரணாகதி நெறியைக் கிருஷ்ண பிள்ளை தாய்ப்பாலோடு பருகினார் என்று கொள்வதில் தவறில்லை. தன் முயற்சியால் ஆவது ஒன்றுமில்லை, அருள் ஒன்றே கரையேற்றும் என்பது அந்நெறியின் உயிர்நாடி. இதனை நினைவில் நிறுத்திக்கொண்டால் பின்னால் நிகழ்ந்தவை தெளிவாக விளங்கும்.

பகையும் பணியும்

அவர் வளர்ந்த காலத்தில் திருநெல்வேலிச் சீமை அமைதியாக இல்லை. ஆங்கிலத் திருச்சபைச் சங்கங்கள் இரண்டு அங்கே ஊர் ஊராகப் பணியாற்றின. பனையேறும் மக்களும் பிற ஒடுக்கப்பட்ட மக்களும் கூட்டம் கூட்டமாகக் கிறித்தவம் தழுவினர். சிற்றூர்களில் பள்ளிகள் எழுந்தன. இதனை அச்சத்தோடு நோக்கியோர் 1840-களில் விபூதிச் சங்கம் என ஓர் அமைப்பைத் தோற்றுவித்தனர். சில ஊர்களில் கிறித்தவர் வீடுகள் தாக்கப்பட்டன, வழக்குகள் மூண்டன. சமயம் என்பது அங்கே நெஞ்சின் செய்தியாக மட்டும் இருக்கவில்லை. யார் யாருக்குக் கூலி வேலை செய்வது, யார் எந்தத் தெருவில் நடப்பது என்னும் பழைய கணக்குகள் எல்லாம் அதனோடு பிணைந்திருந்தன.

இத்தகைய சூழலில், 1853-ஆம் ஆண்டில் கிருஷ்ண பிள்ளை சாயர்புரத்தில் இருந்த கிறித்தவக் கல்விக்கூடத்தில் தமிழாசிரியராக அமர்ந்தார். அக்கூடத்தை நிறுவியவர் ஜி. யு. போப். கிருஷ்ண பிள்ளை அங்கே சென்றபோது போப் அவ்விடம் விட்டு அகன்றிருந்தார். புதிய ஆசிரியரின் புலமையை ஆராய்ந்து தேர்ந்தவர் இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை அவர் வெளியிட்டது இதற்கு மூன்று ஆண்டுகளுக்குப் பின்னர், 1856-இல்.

ஒரு வைணவர் கிறித்தவ மாணவர்க்குத் தமிழ் கற்பிக்கலாம் என்று அக்கூடத்தார் கருதினர். கிறித்தவரிடம் ஊதியம் பெற்றுத் தம் சமயத்தில் நிலைத்திருக்கலாம் என்று ஆசிரியரும் கருதினார். இரு தரப்பாரையும் முதலில் இணைத்தது தமிழே. ஆனால் ஒரே கூரையின் கீழ் நாள்தோறும் வாழும்போது நூல்கள் கைமாறுகின்றன, நட்புகள் உண்டாகின்றன, இரவில் தனித்திருக்கும்போது வினாக்கள் எழுகின்றன. அவருக்கு நெருங்கிய நண்பர் சிலர் கிறித்தவம் தழுவினர்; உடன்பிறந்த முத்தையா பிள்ளையும் அவ்வழி சென்றார். தாம் கிறித்தவரான வரலாற்றைப் பிற்காலத்தில் கிருஷ்ண பிள்ளை தாமே எழுதி வைத்தார். சாயர்புரத்தில் அமர்ந்ததற்கும் மயிலாப்பூரில் திருமுழுக்குப் பெற்றதற்கும் இடையில் ஐந்து ஆண்டுகள் கழிந்திருந்தன.

அக்காலத்து வேளாளர் குடும்பத்தில் ஒருவர் சமயம் மாறுவது எளிய செய்தி அன்று. உறவினர் பந்தியில் அவருக்கு இலை விழாது. பெற்றோருக்கு நீர்க்கடன் செய்யும் உரிமை அற்றுப்போகும். ஊரார் தூற்றுவது அவரை மட்டும் அன்று, வீட்டிலிருக்கும் பெண்டிரையும்தான். தம் நெஞ்சின் தெளிவுக்குத் தம்மைச் சேர்ந்தோரும் விலை கொடுக்க நேரும் என்பதை அறிந்தே இத்தகையோர் அடியெடுத்து வைத்தனர். மதமாற்றத்தைப் புகழ்வோரும் இகழ்வோரும் இந்த விலையை மறந்துவிட்டே பேசுகின்றனர்.

ஒரே ஆசானிடம் இருவர்

சென்னையில் கிருஷ்ண பிள்ளைக்குத் துணை நின்றவர் பீட்டர் பெர்சிவல். அவர் நடத்திய தினவர்த்தமானி இதழில் கிருஷ்ண பிள்ளை பணியாற்றினார். மாநிலக் கல்லூரியிலும் தமிழ்ப்பணி கிடைத்தது.

இந்தப் பெர்சிவல் தமிழுலகம் மறக்கலாகாத ஒருவர். சென்னைக்கு வருமுன் யாழ்ப்பாணத்தில் கல்விப்பணி ஆற்றியவர். அங்கே விவிலியத்தைத் தமிழாக்கும் முயற்சியில் அவருக்கு உறுதுணையாக இருந்தவர் ஆறுமுக நாவலர். அம்மொழிபெயர்ப்பு 1850-இல் வெளிவந்தது. விவிலியத்தைச் சொல் சொல்லாக ஆய்ந்த நாவலர் கிறித்தவர் ஆகவில்லை. அதற்கு மாறாக, சைவம் தன்னைக் காத்துக்கொள்ள வேண்டிய வழிகளை அப்பணியின் வாயிலாகவே கண்டுகொண்டார். பள்ளி அமைத்தல், அச்சகம் நிறுவுதல், எளிய உரைநடையில் நூல் எழுதுதல், மேடையில் சமயச் சொற்பொழிவு ஆற்றுதல் ஆகிய அனைத்தையும் சைவத்தின் பணிக்குத் திருப்பினார்.

ஒரே பெர்சிவலின் அருகில் அமர்ந்த இரு தமிழறிஞருள் ஒருவர் தம் சமயத்தில் முன்னினும் ஊன்றினார். மற்றவர் புதுச் சமயத்தில் வேர்விட்டார். பிற சமய நூலைக் கற்பவர் சமயம் மாறிவிடுவார் என்னும் அச்சமும், கற்றால் மாறாமல் இருக்க முடியாது என்னும் நம்பிக்கையும் இவ்விருவர் முன்னிலையில் ஒருசேரப் பொய்த்துப் போகின்றன.

காப்பியம்

சென்னையிலிருந்து தெற்கே திரும்பிய கிருஷ்ண பிள்ளை சாயர்புரத்திலும் பாளையங்கோட்டையிலும் ஆசிரியராகப் பணிபுரிந்தார். 1886 முதல் சில ஆண்டுகள் திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் தமிழ் கற்பித்தார். மனோன்மணீயம் இயற்றிய பெ. சுந்தரம் பிள்ளை அக்கல்லூரியில் தத்துவப் பேராசிரியராக விளங்கிய காலம் அது. கிறித்தவக் காப்பியம் எழுதிக்கொண்டிருந்தவரும் சைவச் சிந்தனையில் தோய்ந்தவரும் ஒரே கல்லூரியில் கற்பித்தனர் என்பது எண்ணி மகிழத்தக்கது.

ஆங்கிலத்தில் ஜான் பன்யன் 1678-இல் வெளியிட்ட மோட்சப் பயணக் கதையைத் தழுவிக் கிருஷ்ண பிள்ளை இயற்றியதே இரட்சணிய யாத்திரிகம். 1878 முதல் நற்போதகம் என்னும் திங்களிதழில் பகுதி பகுதியாக வந்து, 1894-இல் நூல் வடிவம் பெற்றது. ஆதி, குமார, நிதான, ஆரணிய, இரட்சணிய பருவங்கள் என ஐந்து பருவங்களில் மூவாயிரத்து எழுநூற்றுக்கும் மேற்பட்ட பாடல்களைக் கொண்டது.

பன்யனின் நூல் உரைநடை. எளிய மக்களின் பேச்சில் அமைந்த உருவகக் கதை. கிருஷ்ண பிள்ளை அதனைக் கம்பனின் விருத்தத்தில் வார்த்தார். தந்தையாரிடம் கேட்ட ஓசை, சமயம் மாறி இருபது ஆண்டுகள் கழிந்த பின்பும் கைவிடாமல் வந்து நின்றது. மூலக் கதையில் விரிவாக இல்லாத இயேசுவின் பாடுகளை இரட்சணிய சரித படலத்தில் நெஞ்சுருகப் பாடினார். துன்புறும் தலைவனைக் கண்டு இயற்கையும் மாந்தரும் கலங்கும் அப்பகுதியைக் கற்போர் கம்பனின் கானகக் காட்சிகளை எண்ணாதிருத்தல் அரிது.

காப்பியத்தின் இடையிடையே இசைப்பாடல்களும் வருகின்றன. அவற்றிற்கு அவர் இட்ட பெயர் தேவாரம். இதனைச் சற்று நின்று நோக்குதல் வேண்டும். பிறப்பால் அவர் வைணவர். தேவாரம் சைவர்க்கு உரிய பெயர். கிறித்தவரான பின்னர் இறைவனைத் தமிழில் இசையோடு வாழ்த்த முற்பட்டபோது, முன்னைச் சமயத்தின் பிணக்குகள் அவருக்குப் பொருட்டாக இல்லை. அடியார் உருகிப் பாடும் பாட்டுக்குத் தமிழில் வழங்கிய பெயர் அவருக்குப் போதுமானதாக இருந்தது.

இவ்வழியில் அவர் முதல்வர் அல்லர். எட்டயபுரத்து உமறுப் புலவர் நபிகள் நாயகத்தின் வரலாற்றைச் சீறாப்புராணமாகப் பாடினார். வீரமாமுனிவர் சூசையப்பரின் வரலாற்றைத் தேம்பாவணியாகத் தந்தார். இசுலாமியரும் இத்தாலியரும் கம்பன் போட்ட பாதையில் நடந்தனர். கிருஷ்ண பிள்ளை மூன்றாமவராக வந்து சேர்ந்தார். அவரைக் கிறித்தவக் கம்பர் என்று தமிழுலகம் அழைப்பது இதனால்தான்.

உறுதியும் உறவும்

கிருஷ்ண பிள்ளையைச் சமயப் பொதுமை பேசியவர் என்று கூறினால் அது அவருக்கு இழைக்கும் அநீதியாகும். அவர் தாம் தழுவிய சமயமே மெய்யானது என்று உறுதியாக நம்பினார். அதனை நிலைநாட்ட இரட்சணிய சமய நிர்ணயம் என்னும் உரைநடை நூலையும் எழுதினார். பிற சமயத்தார்க்கு அந்நூல் கசப்பூட்டலாம். அதனை மறைக்க வேண்டியதில்லை.

அவருக்குச் சில திங்கள் மூத்தவரான மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை வேறு வழியில் சென்றார். அவர் கத்தோலிக்கராகப் பிறந்து கத்தோலிக்கராகவே வாழ்ந்தவர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் நண்பர். திருவாவடுதுறை ஆதீனத்தோடு நெருக்கம் உடையவர். சர்வ சமய சமரசக் கீர்த்தனைகள் இயற்றியவர். சமயங்களுக்கு இடையே உறவு வளர இவ்வழி ஏற்றது என்பதில் ஐயமில்லை. ஆயினும் உறுதியான நம்பிக்கை கொண்டோர் உறவுக்குத் தகுதியற்றவர் என்று கருதிவிடலாகாது. கிருஷ்ண பிள்ளை வாதத்தில் எதிர்ப்பக்கம் நின்றார். பாட்டிலோ நம்மோடு ஒரே வரிசையில் நிற்கிறார்.

இன்னொன்றையும் கூறாது விடுதல் நேர்மையன்று. அவர் பெயரின் முடிவில் பிள்ளை என்னும் குலப்பட்டம் இறுதிவரை இருந்தது. சமயம் மாறினாலும் சாதி மாறுவதில்லை என்னும் வடு தமிழ்க் கிறித்தவத்தில் அன்றே இருந்தது. இன்றும் முற்றாக ஆறவில்லை. விட்டுச் செல்ல வேண்டியவை எல்லாம் விடப்படுவதில்லை என்பதையும் இவ்வரலாறு உணர்த்துகின்றது. உடன் வந்த கம்பனைப் போற்றும் நாம், உடன் வந்த சாதியையும் கண்டு வருந்துதல் முறையாகும்.

1900

1899-இல் தம் இசைப்பாடல்களையும் பிற செய்யுட்களையும் கொண்ட இரட்சணிய மனோகரத்தை வெளியிட்ட கிருஷ்ண பிள்ளை, 1900-ஆம் ஆண்டு பிப்ரவரி 3-ஆம் நாள் மறைந்தார்.

அதே 1900-இல் இங்கிலாந்தில் ஒரு நூல் வெளிவந்தது. அது மாணிக்கவாசகரின் திருவாசகம். ஆங்கிலத்தில் பெயர்த்தவர் ஜி. யு. போப். எண்பதாம் அகவை நிரம்பிய கிறித்தவக் குரு ஒருவர் சைவ அடியாரின் பாடலைத் தம் மொழிக்குக் கொண்டு சென்றார். வைணவராகப் பிறந்தவரோ கிறிஸ்துவின் பாடுகளைத் தமிழ் விருத்தத்தில் வைத்துவிட்டு விடைபெற்றார். முன்னவர் நிறுவிய சாயர்புரத்துக் கல்விக்கூடத்தில்தான் பின்னவர் வைணவ ஆசிரியராக நுழைந்து தம் யாத்திரையைத் தொடங்கினார்.

போப் சைவர் ஆகவில்லை; கிருஷ்ண பிள்ளை வைணவத்திற்குத் திரும்பவில்லை. இருப்பினும் அவர்கள் நடந்து தேய்ந்த வழியில் நம்மால் இன்று அச்சமின்றிச் சென்றுவர முடிகிறது. கவிதை எழுதும் நாம் அறிந்துகொள்ள வேண்டுவது இதுவே: அயலாரின் இறைவனை நாம் வணங்க வேண்டுவதில்லை, அயலார் எந்தச் சொல்லில் உருகுகிறாரோ அந்தச் சொல்லை நம் செவி அறிந்திருத்தல் வேண்டும். தேவாரம் என்னும் ஒரு சொல்லைக் கடன் கேட்காமலே எடுத்துக்கொண்ட கரையிருப்புப் புலவர் அவ்வாறு அறிந்திருந்தார்.