ஊரோடு ஒத்துப்போக மறுத்த ஆயர்

அக்டோபர் மாதம் பிறந்தாலே கருமத்தம்பட்டி ஜெபமாலை அன்னையின் திருவிழா நம் நினைவுக்கு வந்துவிடுகிறது. குடும்பத்தோடு அங்கே போய்வரும் நம்மில் பலருக்கும், கோவை மறைமாவட்டத்தின் முதல் ஆயர் அந்த ஊரில்தான் திருநிலைப்படுத்தப்பட்டார் என்பது தெரிந்திருக்காது. 1846 அக்டோபர் 4, ஞாயிற்றுக்கிழமை. அந்நாளில் அக்டோபர் முதல் ஞாயிறுதான் ஜெபமாலை அன்னையின் விழா. புதிய ஆயரின் பெயர் மெல்கியோர் தெ மரியோன் பிரேசியாக். வயது 32. எட்டே ஆண்டுகளில் அவர் தம் பொறுப்பைத் துறக்க முடிவு செய்து இந்த மண்ணைவிட்டுப் புறப்பட்டார். ஏன் என்பதைத்தான் இன்று சிந்திக்க விரும்புகிறோம்.

பிரான்சின் தென்பகுதியில் காஸ்தெல்நொதாரி என்னும் ஊரில் 1813 டிசம்பர் 2ஆம் நாள் அவர் பிறந்தார். 1838இல் குருவாகி, சொந்த ஊரிலேயே புனித மிக்கேல் ஆலயத்தில் உதவிப் பங்குத்தந்தையாகப் பணியாற்றினார். மறைபரப்புப் பணிக்குச் செல்ல அவர் ஆசைப்பட்டபோது தந்தைக்கு அதில் விருப்பமில்லை. அந்த வேதனையோடுதான் பாரிஸ் வேதபோதக சபையில் சேர்ந்து, 1842இல் புதுச்சேரிக்கு வந்தார். சேலத்தில் தங்கித் தமிழ் கற்றார். பின் புதுச்சேரிக் குருமடத்தின் பொறுப்பை ஏற்றார். 1845இல் புதுச்சேரியிலிருந்து கோவைப் பகுதி பிரிக்கப்பட்டபோது அது அவரிடம் ஒப்படைக்கப்பட்டது.

கோவையில் அவர் முதன்மையாகக் கருதியது ஆலயங்களைவிடக் குருமடத்தை. பெரிய கடைவீதியில் நாம் காணும் புனித மிக்கேல் பேராலயத்தின் வரலாறும் அவர் காலத்தில்தான் தொடங்குகிறது என்றாலும், அவருடைய கனவு வேறு. இந்த மண்ணின் மைந்தர்கள் குருக்களாக வேண்டும், ஒருநாள் ஆயர்களாகவும் வேண்டும், வெளிநாட்டார் விலகி நிற்க வேண்டும் என்பதே அது. உடன் உழைத்த ஐரோப்பியக் குருக்கள் எல்லாரும் இதை ஏற்கவில்லை. நம்மவர்கள் இன்னும் பக்குவப்படவில்லை என்று எண்ணியவர்கள் அன்று பலர்.

ஆனால் அவரை உறங்கவிடாத முள் சாதிதான்.

இதைப் புரிந்துகொள்ளச் சற்றுப் பின்னே போக வேண்டும். தமிழகத்தில் திருமறை பரவிய காலத்தில், உள்ளூர் வழக்கங்களில் எவற்றை ஏற்கலாம், எவற்றை விலக்க வேண்டும் என்ற நீண்ட விவாதம் நடந்தது. திருத்தந்தை 14ஆம் பெனடிக்ட் 1744இல் அதற்கு ஒரு தீர்ப்பு வழங்கினார். இங்கு வரும் மறைபரப்புப் பணியாளர் ஒவ்வொருவரும் அதைக் கடைப்பிடிப்பதாக ஆணையிட வேண்டியிருந்தது. இந்த ஆணை 1940 வரை நீடித்தது. தாழ்த்தப்பட்டோரின் நோயாளிகளுக்கு அவர்கள் வீடு தேடிச் சென்று அருளடையாளங்கள் வழங்குவதும் அன்று எழுந்த கேள்விகளில் ஒன்று. யோசித்துப் பாருங்கள்: சாகக் கிடக்கும் ஒரு கிறிஸ்தவரின் வாசற்படியைக் குரு மிதிக்கலாமா என்பதற்கு உரோமையிலிருந்து விடை வர வேண்டியிருந்தது!

ஏட்டில் ஆணை இருந்தது. நடைமுறையில் ஊர் வழக்கமே வென்றது. அதே நற்கருணையை உண்டவர்கள் ஆலயத்துக்குள்ளும் பிரிந்தே இருந்தார்கள். கண்டித்தால் மக்கள் திருமறையைவிட்டே போய்விடுவார்கள் என்று அனுபவமிக்க குருக்கள் அஞ்சினார்கள். அந்த அச்சம் பொய்யல்ல. சிதறிக் கிடந்த சிறிய மந்தை அது.

நம் ஆயர் உள்ளூர்ப் பண்பாட்டை வெறுத்தவர் அல்லர். அப்படி வெறுப்பவர், இந்த மண்ணின் பிள்ளைகள் கையில் திருச்சபையை ஒப்படைக்க ஏன் துடிக்க வேண்டும்? பாயில் அமர்ந்து உண்பதும், வாசலில் கோலமிட்டுப் பொங்கல் வைப்பதும் நம் விசுவாசத்துக்குக் குறுக்கே வருவதில்லை. சகோதரனைத் தள்ளி உட்கார வைப்பது வருகிறது. ஆணையிட்டுவிட்டு, மீறப்படுவதைக் காணாததுபோல் இருப்பது அவரது மனச்சான்றுக்கு ஒவ்வவில்லை. தெளிவான வழிகாட்டுதல் கேட்டு உரோமைக்கு மீண்டும் மீண்டும் எழுதினார். மனம் அமைதிகொள்ளும் பதில் கிடைக்கவில்லை. 1854இல் நேரிலேயே சென்றார். 1855இல் திருத்தந்தை 9ஆம் பத்திநாதர் அவரது பதவி விலகலை ஏற்றுக்கொண்டார்.

மந்தையை விட்டுவிட்டுப் போகலாமா என்று சிலர் கேட்கலாம். இருந்து போராடியிருக்கலாம் என்று நமக்கும் தோன்றாமல் இல்லை. ஆனால் பதவியில் ஒட்டிக்கொண்டு மனச்சான்றை அடக்கி வாழ்வது எளிது என்பதை நம் பங்குகளில், நம் குடும்பங்களில் நாம் நன்றாகவே அறிவோம். பிள்ளைக்கு வரன் பார்க்கும்போது நாம் முதலில் கேட்பது எது? திருமுழுக்குச் சான்றிதழையா, சாதியையா? திருச்சபைக்குள்ளும் தீண்டாமை நிலவுவதை இந்திய ஆயர் பேரவை 2016இல் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கையில் வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. கருமத்தம்பட்டியில் அவர் ஆயரானதற்கு 170 ஆண்டுகள் கழித்து!

பதவி துறந்தவர் ஓய்வெடுக்கவில்லை. 1856 டிசம்பர் 8ஆம் நாள் லியோன் நகரின் ஃபூர்வியேர் அன்னை திருத்தலத்தில் ஆப்பிரிக்க மறைபரப்புச் சபையைத் தொடங்கினார். 1859 மே மாதம் சியரா லியோனின் ஃப்ரீடவுன் நகரில் இறங்கினார். அங்கே மஞ்சள் காய்ச்சல் பரவியிருந்தது. உடன் பணியாற்றியவர்கள் ஒருவர்பின் ஒருவராக மடிந்தார்கள். ஜூன் 25ஆம் நாள் அவரும் இறந்தார். வயது 45. கரையிறங்கி ஆறே வாரங்கள் ஆகியிருந்தன.

2020 மே மாதம் திருத்தந்தை பிரான்சிஸ் அவரை வணக்கத்திற்குரியவர் நிலைக்கு உயர்த்தினார். அவர் தொடங்கிய சபை அழிந்துவிடவில்லை. தமிழக இளைஞர்களும் இன்று அதில் சேர்ந்து குருக்களாகி ஆப்பிரிக்காவுக்குச் செல்கிறார்கள்.