கடுகளவு கண்ணாடி!

குட்டீஸ், இன்று காலையில் எல்லாரும் பல் தேய்த்தீர்களா? தேய்க்காமல் இந்தப் பக்கத்தை எடுத்தவர்கள் கையைத் தூக்க வேண்டாம். நமக்குள்ளேயே இருக்கட்டும்!

இந்த நிமிடம் உங்கள் பல் இடுக்கிலும் நாக்கின் மேலும் எண்ணிலடங்காத உயிர்கள் குடியிருக்கின்றன. இது உங்கள் அறிவியல் புத்தகத்திலேயே இருக்கிறது. யாரும் ஆச்சரியப்பட மாட்டீர்கள். ஆனால், 350 ஆண்டுகளுக்கு முன் இதைச் சொன்னால் ஊரே சிரித்திருக்கும். அப்படி ஒரு செய்தியைத் துணிந்து சொன்னவர் பெரிய பேராசிரியரோ, மருத்துவரோ இல்லை. துணிக்கடை வைத்திருந்தவர். பெயர், ஆன்டன் வான் லீவன்ஹாக். வாயில் நுழையவில்லையா? இரண்டு முறை சொல்லிப் பாருங்கள், பழகிவிடும்.

நெதர்லாந்து நாட்டில் டெல்ஃப்ட் என்ற சிறிய நகரத்தில், 1632ம் ஆண்டு அக்டோபர் 24ம் தேதி பிறந்தார் லீவன்ஹாக். அப்பா கூடை முடைபவர். மகனுக்கு ஐந்து வயது இருக்கும்போதே அவர் இறந்து விட்டார். பதினாறு வயதில் லீவன்ஹாக்கை ஆம்ஸ்டர்டாம் நகரில் ஒரு துணி வியாபாரியிடம் வேலை கற்றுக்கொள்ள அனுப்பினர். கல்லூரிப் படிப்பெல்லாம் கிடையாது. அந்தக் காலத்து அறிஞர்கள் புத்தகம் எழுதிய லத்தீன் மொழியும் தெரியாது. தெரிந்த ஒரே மொழி, தாய்மொழியான டச்சு.

1654ம் ஆண்டு ஊருக்குத் திரும்பி, சொந்தமாகத் துணிக்கடை போட்டார். திருமணமும் நடந்தது. பிறந்த ஐந்து குழந்தைகளில் மரியா என்ற மகள் மட்டுமே பிழைத்தாள். பிறகு நகர மன்றக் கட்டடத்தைப் பராமரிக்கும் பொறுப்பு கிடைத்தது. சம்பளம் நிரந்தரம், கையில் நேரமும் மிச்சம்.

அந்த நேரத்தில் என்ன செய்தார் தெரியுமா? கண்ணாடி தேய்த்தார்!

துணி வியாபாரிகள் துணியின் தரத்தைப் பார்க்க, பூதக்கண்ணாடி வைத்து நூல் இழைகளை எண்ணுவது வழக்கம். லீவன்ஹாக்கின் ஆசை இழையோடு நிற்கவில்லை. இன்னும் பெரிதாகக் காட்டும் கண்ணாடி வேண்டும் என்று தானே செய்ய ஆரம்பித்தார். அவர் செய்த நுண்ணோக்கியைப் பார்த்தால், இதுவா நுண்ணோக்கி என்று கேட்பீர்கள். உங்கள் பள்ளி ஆய்வகத்தில் நிற்பதைப் போல் குழாயும் மேடையும் அதில் கிடையாது. உள்ளங்கைக்குள் மறைந்துவிடும் பித்தளைத் தகடு இரண்டு. அவற்றின் நடுவே கடுகளவில் ஒரே ஒரு கண்ணாடி வில்லை. பின்பக்கம் ஓர் ஊசிமுனை. பார்க்க வேண்டிய பொருளை அதில் ஒட்டி, திருகைத் திருப்பி, கண்ணுக்கு மிக அருகே பிடித்து, வெளிச்சத்தை நோக்கிப் பார்க்க வேண்டும். இன்று மிஞ்சியிருப்பவற்றில் சிறந்த ஒன்று, பொருளைச் சுமார் 270 மடங்கு பெரிதாகக் காட்டுகிறது.

ஒட்டிய பொருளைப் பிரித்தெடுக்க மனம் வராமல், அடுத்த பொருளுக்குப் புதிதாக ஒரு நுண்ணோக்கி செய்து கொள்வாராம். இப்படியே அவர் செய்தவை 500ஐ எட்டும் என்கின்றனர். ஒரு பென்சில் தொலைந்தாலே அடுத்ததற்கு அம்மாவிடம் கெஞ்சும் நமக்கு இது கொஞ்சம் அதிகமாகத்தான் தெரியும்!

கண்ணில் பட்டதையெல்லாம் பார்த்தார். தேனீயின் கொடுக்கு, பேன், ரத்தத் துளி, ஏரித் தண்ணீர், ஏன், தனக்கு வயிற்றுப்போக்கு வந்தபோது அதையும்கூட! பேன் எப்படிப் பெருகுகிறது என்று அறிய, காலுறைக்குள் பேன்களை விட்டு அதைப் பல நாள் கழற்றாமல் போட்டிருந்தார். (வீட்டில் யாரும் செய்து பார்க்காதீர்கள்.)

டெல்ஃப்டில் வாழ்ந்த டி கிராஃப் என்ற மருத்துவர், இவரைப் பற்றி 1673ம் ஆண்டு லண்டனில் உள்ள ராயல் சொசைட்டிக்குக் கடிதம் எழுதினார். அது அன்றைய பெரும் விஞ்ஞானிகள் கூடும் சங்கம். அன்றிலிருந்து லீவன்ஹாக், தான் கண்டதையெல்லாம் டச்சு மொழியில் கடிதமாக எழுதி அங்கே அனுப்பத் தொடங்கினார். அவர்கள் அதை மொழிபெயர்த்துப் படித்தனர்.

அடுத்து நடந்ததுதான் சுவாரஸ்யம். தொட்டியில் சில நாட்கள் தேங்கியிருந்த மழைத் தண்ணீரைப் பார்த்தார். உள்ளே குட்டிக் குட்டியாக ஏதோ நீந்திக் கொண்டிருந்தன! இவை வானத்திலிருந்தே மழையோடு வந்தவையா, பிறகு வந்து சேர்ந்தவையா? கழுவிய பீங்கான் பாத்திரம் ஒன்றை, சேறு தெறிக்காத உயரத்தில் வைத்து, மழையைப் பிடித்தார். புதுத் தண்ணீரில் ஒன்றுமில்லை. சில நாட்கள் கழித்துப் பார்த்தால், வந்துவிட்டன! அப்படியானால் மழையோடு வரவில்லை. சோதனை என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும், இல்லையா?

மிளகு ஏன் காரமாக இருக்கிறது என்றும் அவருக்கு ஒரு சந்தேகம். மிளகுத் தூளில் முள் போல ஏதாவது இருந்து நாக்கைக் குத்துகிறதோ? மிளகை மூன்று வாரம் தண்ணீரில் ஊற வைத்தார். முள் எதுவும் அகப்படவில்லை. ஆனால், அதுவரை கண்டதிலேயே மிகச் சிறிய உயிர்கள் அந்தத் துளியில் கூட்டம் கூட்டமாகத் திரிந்தன. அவற்றில் நூறை வரிசையாக நிறுத்தினாலும் ஒரு பெரிய மணல் துகளின் நீளம் வராது என்று கணக்கிட்டார். நீளத்தில் 100, அகலத்தில் 100, உயரத்தில் 100 என்று பெருக்கிப் பாருங்கள். ஒரு மணல் துகளுக்குள் பத்து லட்சம்! அவர் பார்த்தது பாக்டீரியாவை. மனித வரலாற்றில் அதற்கு முன் அதைக் கண்டவர் எவருமில்லை.

1676ம் ஆண்டு அக்டோபரில் நீண்ட கடிதம் ஒன்று லண்டனுக்குப் போனது. அங்கே என்ன ஆனது? யாராலும் நம்ப முடியவில்லை. லத்தீன் தெரியாத ஒரு துணிக்கடைக்காரர், ஒரு சொட்டுத் தண்ணீரில் ஒரு நகரத்து மக்களைவிட அதிகமான உயிர்கள் இருக்கின்றன என்று எழுதினால், நாமும்தான் சந்தேகப்பட்டிருப்போம். கண்ணாடியைக் கொடுங்கள், நாங்களே பார்க்கிறோம் என்றால் தீர்ந்தது. ஆனால், லீவன்ஹாக் தன் சிறந்த கண்ணாடிகளை எவருக்கும் தரமாட்டார். செய்யும் முறையையும் சொல்ல மாட்டார்.

அதனால் வேறொரு வழியில் போனார். ஊரில் மதிப்புள்ள எட்டுப் பேரை வீட்டுக்கு அழைத்தார். அவர்களில் பாதிரியார்களும் இருந்தனர். தண்ணீரைக் காட்டினார். பார்த்ததை அவர்கள் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுக்க, அதை லண்டனுக்கு அனுப்பினார். அங்கே ராபர்ட் ஹூக் என்ற விஞ்ஞானி தானே மிளகுத் தண்ணீர் ஊற வைத்துப் பார்த்தார். முதல் முயற்சிகள் பலிக்கவில்லை. 1677ம் ஆண்டு நவம்பர் 15ம் தேதி, சங்கத்தார் முன்னிலையில் அந்தக் குட்டி உயிர்கள் நீந்திக் காட்டின! துணிக்கடைக்காரர் சொன்னது உண்மைதான். 1680ம் ஆண்டு அவரையே ராயல் சொசைட்டி உறுப்பினராக்கிக் கொண்டது. அந்தச் சங்கத்தின் கூட்டத்துக்கு அவர் கடைசி வரை ஒருமுறைகூடப் போகவில்லை என்பது வேறு கதை.

பல் விஷயத்துக்கு வருவோம். லீவன்ஹாக் தினமும் உப்பு வைத்துப் பல் தேய்ப்பவர். அப்படியும் இடுக்கில் வெள்ளையாக மாவு போல் ஏதோ ஒட்டியிருந்தது. 1683ம் ஆண்டு அதைச் சுரண்டிப் பார்த்தார். அங்கேயும் கூட்டம்! சில அம்பு போலப் பாய்ந்தன, சில பம்பரம் போலச் சுழன்றன. வாழ்நாளில் பல்லே தேய்க்காத ஒரு முதியவரின் பல்லையும் விடவில்லை. அதில் இன்னும் பெரிய திருவிழா. பின்னொரு நாள், கொதிக்கக் கொதிக்க காபி குடித்துவிட்டுப் பார்த்தபோது, முன்பற்களில் இருந்தவை செத்துக் கிடந்தன. உள் பற்களில் இருந்தவை உயிரோடு திரிந்தன. வெப்பம் இவற்றைக் கொல்லும் என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

புகழ் பரவியது. ரஷ்யச் சக்கரவர்த்தி பீட்டர், 1698ம் ஆண்டு டெல்ஃப்ட் வழியாகப் படகில் போனபோது இவரை வரவழைத்தார். விலாங்கு மீனின் வாலில் ரத்தம் ஓடுவதைக் கண்ணாடி வழியே காட்டினார் லீவன்ஹாக்.

இவ்வளவு பார்த்த மனிதரிடம் எனக்கு ஒரே ஒரு கோபம் உண்டு. கண்ணாடி செய்யும் வித்தையைக் கடைசி வரை யாருக்கும் கற்றுத் தரவில்லை. 1723ம் ஆண்டு ஆகஸ்ட் 26ம் தேதி, 90 வயதில் அவர் கண் மூடியபோது வித்தையும் அவரோடு போயிற்று. அவருக்கு இணையாகப் பார்க்க நூறு ஆண்டுகளுக்கு மேல் பெரும்பாலும் யாராலும் முடியவில்லை. இந்தக் குட்டி உயிர்களில் சில நோயைத் தரும் என்பதை அவர் அறியவில்லை. ஆந்த்ராக்ஸ் என்ற நோய்க்கு ஒரு பாக்டீரியாவே காரணம் என்று ஜெர்மனியின் ராபர்ட் காக் நிரூபித்தது 1876ம் ஆண்டு. மிளகுத் தண்ணீர் கடிதத்துக்குச் சரியாக 200 ஆண்டுகள் கழித்து! இடையில் காலராவிலும் பிளேக்கிலும் எத்தனை பேர் இறந்தார்கள் என்று நினைத்தால், அந்த ரகசியத்தின் விலை கொஞ்சமா என்று தோன்றுகிறது.

இறக்கும் முன் 26 வெள்ளி நுண்ணோக்கிகளை ஒரு பெட்டியில் வைத்து ராயல் சொசைட்டிக்கென எழுதி வைத்தார். மகள் மரியா அனுப்பி வைத்தார். பிற்காலத்தில் அந்தப் பெட்டியே காணாமல் போய்விட்டது. அவர் செய்த 500ல் இன்று எஞ்சியிருப்பவை ஏறக்குறைய ஒரு டஜன்தான். தகடுகளைப் பிரித்தால் பாழாகிவிடும் என்று யாரும் கை வைக்கவில்லை.

2021ம் ஆண்டு, அதே டெல்ஃப்ட் நகர விஞ்ஞானிகள் நியூட்ரான் கதிர்களைச் செலுத்தி, பிரிக்காமலேயே உள்ளே பார்த்தனர். சிறந்த நுண்ணோக்கிக்குள் இருந்தது, கண்ணாடி இழையை நெருப்பில் உருக்கி உருட்டிய ஒரு குட்டி உருண்டை. உடைத்தெடுத்த இழையின் சிறு காம்புகூட அதில் ஒட்டியிருந்தது. இத்தனை காலம் எல்லாரும் தேடிய ரகசியம் இதுதான். இப்படி உருண்டை செய்யும் முறையை 1665ம் ஆண்டே ஒருவர் தன் புத்தகத்தின் முன்னுரையில் அச்சிட்டுக் கொடுத்திருந்தார். அவர் யார் என்கிறீர்களா? மிளகுத் தண்ணீரில் உயிர்களைத் தேடித் தேடிப் பார்த்தாரே, அந்த ராபர்ட் ஹூக்!