எண்ணுக்கு எழுத்துத் தந்த வியேத்

பிரான்சின் மேற்குப் பகுதியில், ஃபோந்தனே-லெ-கோந்த் என்னும் ஊரில் 1540இல் பிறந்த பிரான்சுவா வியேத், தொழிலால் வழக்கறிஞர். கணிதம் அவர்தம் ஓய்வுக்காலத் துணை. புவாத்தியேயில் சட்டம் பயின்று அரசவை வரை உயர்ந்தார். சமயப் பூசலால் நாடு பிளவுண்டிருந்த நாளில், 1584 முதல் 1589 வரை, பகைவர் சூழ்ச்சியால் அவையை விட்டு விலக்கப்பட்டார். அந்த வனவாசமே கணிதத்திற்கு வாய்த்த நற்பேறாயிற்று.

அவருக்கு முன்னரும் அறியாத எண்ணுக்குக் குறியீடு உண்டு. அலெக்சாந்திரியாவின் தயோபாந்தசு அதனைக் கையாண்டவர். ஆனால் கணக்கில் தரப்பட்ட எண்கள் மூன்றாகவோ ஐந்தாகவோதான் நின்றன. மூன்றும் ஐந்தும் கூடி எட்டானபின், எட்டைக் காண்பவர் அதன் பெற்றோரை எவ்வாறு அறிவார்? 1591இல் தூர் நகரில் வெளிவந்த 'இசகோகே' என்னும் நூலில், தரப்பட்ட எண்ணுக்கும் எழுத்தையே நிறுத்தினார் வியேத். எழுத்துகள் இறுதிவரை கரைவதில்லை; எது எங்கிருந்து வந்தது என்று விடையே சொல்லும். ஒரு கணக்கின் விடை, அவ்வகைக் கணக்கு அனைத்திற்கும் விதியாகிவிடும்.

அறியாதவற்றுக்கு உயிரெழுத்து, அறிந்தவற்றுக்கு மெய்யெழுத்து என்பது அவர் வகுத்த முறை. அவர் எண்ணியது இலத்தீன் எழுத்துகளை மட்டுமே; எனினும் உயிர், மெய் என்று பெயரிட்ட மொழியைக் கற்பிக்கும் எனக்கு, அறியப்படாதது உயிர் என்பதைப் படித்த அன்று பாடக்குறிப்பு எழுதக் கை ஓடவில்லை.

தேக்கார்த்து 1637இல் இம்முறையை மாற்றி, நெடுங்கணக்கின் முதலெழுத்துகளை அறிந்தவற்றுக்கும் கடையெழுத்துகளை அறியாதவற்றுக்கும் தந்தார். பள்ளிப் பிள்ளைகளின் 'எக்ஸ்' அவ்வழி வந்தது. புள்ளியியலாரும் முழுத்தொகுதியின் அறியாச் சராசரிக்குக் கிரேக்க எழுத்தையும், மாதிரியிலிருந்து கணித்ததற்கு இலத்தீன் எழுத்தையும் பெரும்பாலும் வைக்கின்றனர். எழுத்து மாறினும் பாகுபாடு வியேத்துடையதே.

நான்காம் ஆன்றி மன்னருக்காக, இசுபானியரின் மறைகுறி மடல்களையும் அவர் உடைத்துப் படித்தார். ஓர் எழுத்து வேறொன்றுக்காக நிற்பதை அவரினும் நன்கறிந்தவர் யார்?

1593இல் வான் ரோமன் விடுத்த நாற்பத்தைந்தாம் படிச் சமன்பாட்டிற்கு 23 விடைகள் கண்டார். எஞ்சிய 22 விடைகளையும் விட்டுவிட்டார். அவை குறையெண்கள், அவற்றை அவர் எண்ணாகவே கொள்ளவில்லை. எவ்வெண்ணையும் ஏற்கும் எழுத்தைப் படைத்தவருக்கு இப்படியும் ஓர் எல்லை!

1603இல் பாரிசில் மறைந்தார். சிதறிக் கிடந்த அவர் நூல்கள் 1646இல் இலெய்டனில் ஒரே தொகுப்பாக அச்சேறின.