படம் ‘ஓடுது’ என்கிறோம், ஆனால் அது நின்று நின்றுதான் போனது! யார் இந்த லூயி லூமியேர்?

இந்த வாரம் எந்தப் படம் ஓடுது என்று நண்பர்களிடம் கேட்டிருப்பீர்கள். ஆனால் ஃபிலிம் சுருள் காலத்தில் படம் உண்மையில் ஓடவே இல்லை, தெரியுமா? கொஞ்சம் நகரும், நிற்கும், மறுபடி நகரும். தொடக்ககாலக் கருவிகளில் விநாடிக்குச் சுமார் 16 முறை இப்படி நடந்தது.

நிற்காமல் ஓடினால் என்ன ஆகும்? திரையில் வெறும் கோடுகள்தான் தெரியும். ஒவ்வொரு படமும் ஒரு கணம் அசையாமல் நின்றால்தான் கண்ணுக்குப் பிடிபடும்.

அந்த ‘நிறுத்தி நகர்த்தும்’ வித்தைக்கு விடை தேடியவர்கள் பலர். அவர்களில் அதிகம் பேசப்படுபவர், பிரான்ஸைச் சேர்ந்த லூயி லூமியேர்.

1864-ல் பெசான்சோன் நகரில் பிறந்தார். அப்பா அந்த்வான் புகைப்படக் கலைஞர். குடும்பம் பிறகு லியோன் நகருக்குக் குடிபெயர்ந்தது. 17 வயதிலேயே லூயி புகைப்படம் எடுக்க உதவும் கண்ணாடித் தகடு ஒன்றைச் செம்மைப்படுத்தினார். உங்களில் பலர் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும் வயது! நொடித்துப்போகும் நிலையில் இருந்த குடும்பத் தொழிலை அந்தத் தகடுகள்தான் தூக்கி நிறுத்தின. 1890-களில் லூமியேர் தொழிற்சாலை ஆண்டுக்குச் சுமார் 15 மில்லியன் தகடுகளைத் தயாரித்தது.

1894-ல் அப்பா பாரிஸுக்குப் போனபோது எடிசனின் கினெட்டோஸ்கோப்பைப் பார்த்தார். அது ஒரு மரப்பெட்டி. மேலே குனிந்து, ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே பார்க்கலாம். உள்ளே சுருள் நிற்காமல் ஓடும். சிறு துளையுள்ள தட்டு ஒன்று சுழன்று, ஒவ்வொரு படத்தையும் கண்ணிமைக்கும் நேரம்கூட இல்லாமல் காட்டி மறைக்கும். கண்ணை ஒட்டி வைத்துப் பார்க்க அது போதும். ஆனால் சுவரில் பெரிதாக்கிக் காட்ட அந்த வெளிச்சம் எங்கே போதும்? பெட்டிக்குள் இருந்த படத்தை வெளியே கொண்டுவர வேண்டும் என்று அப்பா பிள்ளைகளிடம் சொன்னார்.

அண்ணன் ஒகுஸ்ட் முதலில் முயன்றார், சரிவரவில்லை. பிறகு ஒருநாள் இரவு, உடல்நலமில்லாமல் தூக்கம் வராமல் படுத்திருந்த லூயிக்கு வழி தோன்றியது. தையல் இயந்திரத்தை நினைத்துப் பாருங்கள். ஊசி இறங்கும்போது துணி நிற்கும். ஊசி மேலே வந்ததும் துணி ஒரு தையல் தூரம் நகரும். அதே தாளம்தான்!

லூயியின் கருவியில் இரண்டு சிறிய கொக்கிகள் சுருளின் ஓரத் துளைகளில் நுழையும், கீழே இழுக்கும், வெளியே வரும், வெறுமனே மேலே ஏறும், மறுபடி நுழையும். அவற்றை இயக்கியது முக்கோணம் போன்ற ஒரு சுழல் உறுப்பு. அதன் வடிவத்தில்தான் சூட்சுமமே இருக்கிறது. கொக்கி மெதுவாகத் தொடங்கி, வேகமெடுத்து, மெதுவாக முடிக்கும். வெடுக்கென்று இழுத்தால் சுருள் கிழிந்துவிடும் இல்லையா? ஒவ்வொரு சுற்றிலும் மூன்றில் இரண்டு பங்கு நேரம் படம் அசையாமல் நிற்கும். மீதி ஒரு பங்கில் நகரும். நகரும்போது ஒரு தட்டு வந்து ஒளியை மறைத்துவிடும். அதனால் நகர்வதை நீங்கள் பார்க்கவே மாட்டீர்கள்.

1895 பிப்ரவரி 13-ல் காப்புரிமை பதிவானது, சகோதரர்கள் இருவர் பெயரிலும். யோசனை தம்பியுடையதுதான் என்று ஒகுஸ்டே பின்னாளில் சொல்லியிருக்கிறார். ‘சினிமட்டோகிராஃப்’ எனப்பட்ட அந்தக் கருவியின் எடை சுமார் 5 கிலோதான். படம் பிடிக்கவும், பிரதி எடுக்கவும், திரையிடவும் அது ஒன்றே போதும். மின்சாரம் தேவையில்லை, கைப்பிடியைச் சுற்றினால் சரி.

அதே ஆண்டு டிசம்பர் 28. பாரிஸில் ஒரு காபிக் கடையின் நிலவறை. கட்டணம் 1 ஃபிராங்க். வந்தவர்கள் 33 பேர்! வசூலில் பங்கு தருகிறோம் என்றபோது கடைக்காரர் வேண்டாம் என்று சொல்லி, நாளுக்கு 30 ஃபிராங்க் வாடகை போதும் என்றாராம். சில வாரங்களில் நாளுக்கு 2,000 பேருக்குமேல் வரத் தொடங்கினர். பாவம் அந்த மனிதர்!

(ரயில் வரும் காட்சியைப் பார்த்து மக்கள் அலறி ஓடினார்கள் என்ற கதையைக் கேட்டிருப்பீர்கள். அன்றைய 10 படங்களில் அந்த ரயிலே இல்லை.)

அடுத்த ஆண்டு ஜூலை 7-ல் கருவி பம்பாய்க்கும் வந்தது. வாட்சன் ஹோட்டலில் நடந்த அந்தத் திரையிடல்தான் இந்தியத் திரைப்பட வரலாற்றின் தொடக்கமாகச் சொல்லப்படுகிறது.

ஆனால் கொக்கிக்கு ஒரு பலவீனம் இருந்தது. லூமியேர் படங்கள் சுமார் 17 மீட்டர் நீளம், ஒரு நிமிடம்கூட ஓடாது. அதுவரை சரி. நீளமான சுருளின் கனத்தை இரண்டு சின்னக் கொக்கிகள் இழுத்தால் துளைகள் பிய்ந்துபோகும். படம் கிழிந்தால் காட்சி நின்றுவிடும். சூடான விளக்குக்கு முன்னால் சுருள் சிக்கினால் தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு. அந்தக் கால ஃபிலிம் அவ்வளவு எளிதில் எரியும்.

அதனால் திரையிடும் கருவிகளில் வேறொரு வழி வென்றது. லண்டனில் ராபர்ட் பால், பெர்லினில் ஆஸ்கர் மெஸ்டர் போன்றோர் சிலுவை வடிவச் சக்கரத்தைப் பயன்படுத்தினர். சுழலும் தட்டிலுள்ள ஓர் ஊசி, சிலுவையின் பிளவுக்குள் நுழைந்து அதைக் கால் சுற்று திருப்பிவிட்டு வெளியேறும். அடுத்த முறை ஊசி வரும்வரை சிலுவை பூட்டியதுபோல் நிற்கும். அதோடு இணைந்த பல்சக்கரம் பல துளைகளை ஒரே நேரத்தில் பிடிப்பதால் சுருளுக்குச் சேதம் குறைவு. மேலும் கீழும் சுருளைக் கொஞ்சம் தொங்கலாக விட்டதால் முழுச் சுருளையும் இழுக்கவேண்டிய அவசியமும் இல்லை. திரையரங்குகளில் டிஜிட்டல் வரும்வரை பெரும்பாலும் இந்தச் சிலுவைதான் உழைத்தது. கொக்கி மட்டும் கேமராக்களில் தங்கிவிட்டது.

லூயி இதற்காக வருந்தியதாகத் தெரியவில்லை. அவர் மனம் ஏற்கனவே வண்ணத்துக்குத் தாவியிருந்தது. உருளைக்கிழங்கு மாவுத் துகள்களுக்குச் சாயமேற்றி உருவாக்கிய ‘ஆட்டோக்ரோம்’ வண்ணப் புகைப்படத் தகடுகள் 1907-ல் விற்பனைக்கு வந்தன. 1948 ஜூன் 6-ல், 83 வயதில், பாந்தோல் என்ற கடலோர ஊரில் அவர் காலமானார்.

லியோனில் அவருடைய தொழிற்சாலையின் ஒரு கூடம் இன்னும் இருக்கிறது. வேலை முடிந்து தொழிலாளர்கள் வெளியேறுவதை அவர் படம்பிடித்த தெருவுக்கு இன்று ‘முதல் படத் தெரு’ என்று பெயர்.